மறை மூன்று

முப்பது வெள்ளைச் சட்டை. கரை மட்டும் பாக்கி.
ஹம்டன் லேனில் இரண்டாம் மாடி,
ஒற்றை மின்விசிறி, இரண்டு ஊசி.
நானும் சிஃபானியாவும்
வியாழன் காலை எட்டுக்குக் குந்தி
இரண்டு மணிக்கு எழும்பினோம்.

கூலி ஆறாயிரம்.
எப்படிப் பிரிக்கிறது என்று கேட்டா திலகேஸ்வரி அக்கா.
"தனிய விட்டால் இவளைவிட
ஐந்து மணித்தியாலம் முந்தி முடிப்பன்" என்றேன்.
சிஃபானியா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.
மறுக்கவில்லை.

அந்த ஒரு வாய்ச்சொல் போதும், சமன்பாட்டுக்கு.
சாதாரண தரத்தில் கணக்குக்கு மட்டும்
மூன்று முறை குந்தியவள் நான்.
கபில நிறப் பாட்டர்ன் தாளில்
அடையாளச் சோக்கால் எழுதினேன்:
எனக்கு எக்ஸ். அவளுக்கு எக்ஸ் சக ஐந்து.
என் ஒரு மணியும் அவள் ஒரு மணியும் சேர்ந்தால்
வேலையில் ஆறில் ஒன்று.
பின்னங்களின் பகுதிகளைக் குறுக்கே பெருக்கி
எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்க
எக்ஸ் வர்க்கம், சய ஏழு எக்ஸ், சய முப்பது,
சமன் பூச்சியம்.

காரணிகள் லேசாய் வந்தன.
பத்து. இல்லையேல் மறை மூன்று.

பத்தென்றால் மணிக்கு எனக்கு மூன்று சட்டை, அவளுக்கு இரண்டு.
மூவாயிரத்து அறுநூறு எனக்கு.
நேரம் மறையாகாது; பரீட்சையில்
அடுத்த வரி இதுதான்: ஏற்கத்தகாதது.
கோடு போட்டு வெட்டினேன்.

சோக்குக் கோடு மெல்லியது. எண் உள்ளே தெரிந்தது.
அக்கா காசெடுக்கப் போயிருந்தா.
கடற்பக்கம் பாணந்துறை ரயில் போக
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
சும்மா, கை அரிப்பில், அதையும் போட்டுப் பார்த்தேன்.

நான் மறை மூன்றென்றால் அவள் இரண்டு.
இரண்டே மணித்தியாலத்தில் முப்பதும் முடிப்பாள்,
மணிக்குப் பதினைந்து.
நான் மணிக்குப் பத்தைப் பிரிப்பேன்.
மிச்சம் ஐந்து. ஐயாறு முப்பது.
இரண்டு மணிக்கு எழும்புகிறோம்.

சரியாக வந்தது.

மேசையில் என் பக்கம் தையல் பிரிக்கும் முள்,
கூர்வாயில் வெள்ளை நூல் சிக்கி.
ஒன்பதுக்குப் பிரித்தது, "தையல் நீளம்" என்று.
பத்தரைக்கு, "கோணல்".
பதினொன்றுக்கு ஒன்றும் சொல்லாமலே,
பழக்கத்தில்.
ஒவ்வொன்றையும் திருப்பி வாங்கி
அவள் புதிதாய் நூல் கோத்தாள்.
மகனை மதறஸாவால் கூட்டி வர வேண்டும்,
ஒருக்கால் மணிக்கூட்டைப் பார்த்தாள்.
அவ்வளவுதான்.

எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்கு மறை என்றுதான் பெயர்.
ஏனென்று நான் கேட்டதில்லை.

அக்கா காசோடு வந்தா.
"என்ன விடை?"
என் உள்ளங்கை தாளின் மேல் இருந்தது, சோக்குப் படிந்து.
"இரண்டு விடை வருது அக்கா."
"ஒன்றைச் சொல்லு, தேத்தண்ணி ஆறுது."

ஷோலுக்கு ஊசி குத்தியபடி
சிஃபானியா என் கையைப் பார்த்தாள்.