நூற்றில் ஒரு பங்கு

ஒரே ஒரு வரிதான் நிரல்:
பழையதில் தொண்ணூற்றொன்பது பங்கு,
புதியதில் ஒன்று.
கூட்டி வருவதை இனிப் பழையது என்று வைத்துக்கொள்.
நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி.

பனி கரையாத மார்ச்சில் எழுதினேன்.
பொஹின் பள்ளத்தாக்கில் வித்தோமிருக்குப் பதினாறு தேன்பெட்டிகள்,
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தராசு.
காற்று தள்ளினால் முந்நூறு கிராம் ஏறும்.
கூரையில் சிட்டு வந்து உட்கார்ந்தால் பதினெட்டு.
திரையில் கோடு
குளிரில் நின்றவன் கையெழுத்துப்போல் இருந்தது.

"இந்த நடுக்கம்?"
"இரைச்சல்" என்றேன். "எடுத்துவிடலாம்."

எடுத்தேன்.
சிட்டு போனது, காற்று போனது.
பலகை குடித்த மழை மட்டும் உள்ளே வந்தது;
மெதுவாக வருகிற எதையும்
வடிகட்டி தடுப்பதில்லை.
அழகான கோடு. அச்செடுத்து
மரப்பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்தார்.

மே மாதம், நல்ல வெயில்.
ஏழாம் பெட்டியிலிருந்து பழைய ராணி
பாதிக் குடியோடு கிளம்பினாள்.
ஒன்றரைக் கிலோ குறைந்தால் மணி அடிக்கும்.
அடித்தது,
இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு.
மரத்தூள் படிந்த சட்டையோடு கோணியைத் தூக்கிக்கொண்டு ஓடியவரிடம்
பக்கத்துத் தோட்டத்து ஷ்டெஃப்கா சொன்னாள்:
"பேரி மரத்தில் முழங்கை நீளம் தொங்கிக்கொண்டிருந்தது.
ஒன்றரைக்கு எழுந்து
தேவாலயத்துக்கு மேலே போயிற்று."

திரையில் பார்த்தோம்.
குழந்தைகள் சறுக்கி விளையாடலாம், அப்படியொரு சரிவு.
மாலை வரைக்கும்
ஒவ்வொரு தேனீயாக
விடைபெற்றுக்கொண்டு போனதுபோல.

வடிகட்டாத கோப்பைத் திறந்தேன்.
பதினொன்று ஐம்பத்தாறு: நாற்பத்தொன்று புள்ளி எட்டு.
பன்னிரண்டு நான்கு: முப்பத்தொன்பது புள்ளி ஏழு.
எட்டே வரிகள். செங்குத்து.
அதற்கு மேலே இன்னொன்றும் இருந்தது:
தினமும் காலையில் மேய்ச்சலுக்குப் போகிறவர்களால் குறையும் எடை
அன்று குறையவே இல்லை.
ஒருவரும் வேலைக்குப் போகவில்லை,
மூட்டை கட்டிக்கொண்டு
வாசலில் நின்றிருக்கிறார்கள்.
நான் வழவழப்பாக்கியதில்
அதுவும் கரைந்து கிடந்தது.

பொய் சொல்லவில்லை நிரல்.
நேற்றை அவ்வளவு நம்பச் சொன்னது நான்தான்.

பங்கை மாற்றுகிறேன் என்றேன், நூற்றில் இருபது.
வித்தோமிர் மீசையைத் தடவினார்.
"இதுவும் இருக்கட்டும். அதையும் பின்னால் போடு."
போட்டேன்: முன்னால் கறுப்பில் நிதானம்,
பின்னால் சாம்பலில் நடுக்கம்.

இப்போது இரவில் கூப்பிடுகிறார்.
"ஜெர்னேயா, மூன்றாம் பெட்டியில் முந்நூறு ஏறியிருக்கிறது. யார்?"
"காற்று."
"சரி."
ஆனாலும் தொலைபேசியை வைப்பதில்லை,
அது இறங்கும்வரை.