ரவுண்டானாவுக்கு ஒரு செடி

ஹாலந்திலிருந்து வந்த அட்டைப்பெட்டியில்
ஆறு தட்டுகள், ஆறு வகை சீடம்.
கூடவே ஒரு பட்டியல்.
எல்லாவற்றுக்கும் நேரே ஒரே சொல்: தாங்கும்.
எதை என்று தேடினேன்.
மைனஸ் முப்பது டிகிரியை, என்றிருந்தது.

லோக்மான் சிரித்தான்.
இந்த ஊரில் அவன் பார்த்த ஒரே மைனஸ்
சம்பளச் சீட்டில்.

உம் அல் குவைனில், மீன் சந்தைக்குத் திரும்பும் இடத்தில்
இருநூற்று நாற்பது சதுர மீட்டர் வெறும் வட்டம்.
புல் வேண்டாம், தண்ணீர் கட்டுப்படியாகாது
என்றது நகராட்சி.
பொறியாளர் ஹாதிம் என் கையில் படிவத்தைக் கொடுத்தார்:
செப்டம்பருக்குள் ஒன்றைத் தேர்ந்தெடு.
படர வேண்டும், பராமரிப்பு கேட்கக் கூடாது,
மண் தெரியக் கூடாது.

மார்ச்சில் எல்லாமே அழகு.
வெள்ளைப் பூக்காரி, நீல ஊசியிலை,
பாசிப்பயறு அளவில் உருண்டை இலை,
ஓரம் சிவந்தது, தங்க நிறத்தது,
ஐந்தாவதாக மெக்சிகோ என்று எழுதியிருந்த ஒன்று.
போட்டோ எடுத்து அனுப்பினேன்.
மூன்று கட்டைவிரல்கள் பதிலாக வந்தன.

இடையில் ஜல்லி இடுக்கிலிருந்து ஒரு கொடி
தட்டுகளை நோக்கி ஊர்ந்து வந்தது.
களை, பிடுங்கு என்றேன்.
பிடுங்கினான். மறு வாரமும் பிடுங்கினான்.
இது களைதானா மேடம் என்று
ஒரு தடவை கேட்டான்.
பட்டியலில் இல்லையே, என்றேன்.

வெயில் கொல்லும் என்றுதான் காத்திருந்தோம்.
நாற்பத்தேழு டிகிரியில்கூட
வாயை இறுக மூடிக்கொண்டு
பகலைக் கடத்திவிட்டன ஆறும்.
இரவில்தான் அவை மூச்சு வாங்கும் என்பது
படித்தபோது பரீட்சைக்கு எழுதிய பதில்.
ஜூலையில் இங்கே இரவு ஏது?
சூரியன் போன பிறகும் முப்பத்து நான்கு,
கடலிலிருந்து ஈரத்துணியாய்க் காற்று.
மூச்சுக்குத் திறந்த வாயில் வெந்நீர்.

வெள்ளைப் பூக்காரி அடியிலிருந்து அழுகினாள்.
நீல ஊசி ஒரே வாரத்தில் பழுப்பு.
உருண்டை இலையைத் தொட்டேன்,
குழம்பில் கிடந்த வெண்டைக்காய்.
ஓரம் சிவந்தது எந்த நாளில் போனது என்று
என் குறிப்பிலேயே இல்லை.
தங்கத்துக்கு ஆகஸ்ட் நான்கு.
மெக்சிகோ மட்டும் பாதி பிழைத்தது:
இரண்டு மணி வெயிலில்
"வேகம் 60" பலகையின் நிழல் விழுந்த பாதி.
விளிம்பு வரைந்தாற்போல் வட்டமாக,
கீழே கம்பத்துக்கு ஒரு பச்சைக் கோடு.

ரவுண்டானா முழுக்கப் பலகை நட முடியுமா
என்று ஹாதிமைக் கேட்கலாமா என யோசித்தேன்.
வெயில் எனக்கும் ஏறியிருந்தது.

அப்போதுதான் மூன்றாம் தட்டைப் பார்த்தேன்.
செத்த சீடத்தின் மேல் கையை ஊன்றி
அந்தக் கொடி ஏறியிருந்தது.
தடித்த இலை, சிவந்த தண்டு,
கணுவுக்குக் கணு வேர்.
லோக்மான் ஒரு இலையைக் கிள்ளி மென்றான்,
எனக்கும் ஒன்று நீட்டினான்.
உப்பு. நல்ல உப்பு.
வங்காரவள்ளை.
உப்பங்கழி ஓரம் எங்கும் கிடப்பது,
யாரும் பெட்டியில் போட்டு அனுப்பாதது.

படிவத்தில் ஆறு வரிசைதான்.
ஸ்கேல் வைத்து ஏழாவது கோடு இழுத்தேன்.
பெயர் எழுதினேன்.
வந்த இடம்: தானாக.
விலை: காலியாக விட்டேன்.

மறுநாள் படிவம் திரும்பி வந்தது.
விலை இல்லாததை நகராட்சி வாங்காது,
ஒரு தொகை எழுது, என்றார் ஹாதிம்.
கன்றுக்கு இரண்டரை திர்ஹம் என்று எழுதிவிட்டு
லோக்மானைப் பார்த்தேன்.
நான்கு மாதம் வாரம் ஒரு மூட்டை பிடுங்கியவன்
மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

பிடுங்கியதையெல்லாம் எங்கே போட்டாய்?

கண்டெய்னருக்குப் பின்னால் கூட்டிப்போனான்.
மூட்டைகள் கிழிந்து கிடந்தன.
தண்ணீர் ஊற்ற ஆளில்லாத அந்த மூலையில்,
ஏசியிலிருந்து சொட்டும் ஈரத்தையும் தாண்டி
வேலி வரைக்கும் போயிருந்தது,
சின்னச் சின்ன ஊதாப் பூவோடு.

கத்தரிக்கோல் எடுத்து வரவா என்றான்.
நாளைக்கு, என்றேன்.