பேரைக் கேள்

போதனா வைத்தியசாலை, மட்டக்களப்பு.
வார்டில் என் முதல் கிழமை.
"நீங்கதானே நாகேஸ்வரி?" என்றேன்.
கட்டிலில் கிடந்தவ தலையாட்டினா.
றினோஸா சிஸ்டர் என் கையிலிருந்த ஊசியை வாங்கித்
தட்டில் வைத்தா.

"தலை எதுக்கும் ஆடும் புள்ள.
காய்ச்சல்ல ஆடும், பயத்தில ஆடும்,
வெள்ளைச் சட்டையைக் கண்டாலே ஆடும்.
நீ பேரைச் சொல்லாத.
பேரைக் கேள்."

நாகேஸ்வரி பதினோராம் கட்டில்.
இவ யோகேஸ்வரி.

எனக்கோ பேர் கேட்க வராது.
வவுணதீவால் வந்தவள் நான்.
பாலத்தடியில் சைக்கிளை உருட்டியபடி
பேர், ஊர், எங்கே போகிறேன் என்று
கேட்டவன் முகம் பாராமல்
சொல்லிச் சொல்லி வளர்ந்த வாய் இது.
அப்பாவையும் ஒருநாள் கேட்டார்கள்.
சொன்னார்.
அதே பேரில் வேறு யாரையோ தேடினார்களாம்.

இதை நான் சிஸ்டரிடம் சொல்லவேயில்லை.
என்னைவிட இரண்டு வயது இளையவ,
சம்மாந்துறைக்காரி,
என் குரல் உள்ளே போவதை மட்டும் பார்த்திருந்தா.
கதிரையொன்றை இழுத்துப் போட்டா.
"இரிந்து கேள்.
நின்டு கேட்டா அது விசாரணை."

பதினான்கு வருஷம்.
காஸ் சிலிண்டர் கொண்டுவரும் பொடியனையும்
இருக்கவைத்துத்தான் பேர் கேட்கிறேன்.
வீட்டுக்காரர் சிரிப்பார்.
பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு
நான் ஒன்றும் சொல்வதில்லை,
கதிரையை இழுப்பேன், அவ்வளவுதான்.
போன மாதம் திருக்கோவில் டிலுக்சன்
தானாகவே இழுத்தான்.
காலால்தான். இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம்
தியேட்டரிலிருந்து தள்ளிவந்த கட்டிலில்
றினோஸா சிஸ்டர்.
முகம் வெளுத்து, உதடு காய்ந்து.
இரண்டு பை இரத்தம் ஏற்ற வேண்டும்.
வார்டு முழுக்கத் தெரிந்த முகம்.
நான் கதிரையை இழுத்தேன்.
"உங்கட முழுப்பேர் என்ன?"

"மிஸ், இது நம்மட சிஸ்டர்தானே"
என்றான் டிலுக்சன்.

சிஸ்டர் கண்ணைத் திறந்தா.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு வாப்பாவின் பேரோடு சேர்த்து,
பிறந்த திகதியும்,
சொல்வதெழுதல் போல நிறுத்தி நிறுத்தி.
நான் பையில் ஒட்டியிருந்த தாளை
எழுத்தெழுத்தாய் வாசித்தேன்.

"ரெண்டாவது ஆள் எங்க?" என்றா.

அவன் கதிரையைப் பிடித்தான்,
இந்த முறை கையால்.
"உங்கட... முழுப்பேர்?"

சிஸ்டர் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினா.