ஜூலை மாதத்துப் பனி

வெயில் முப்பத்து நான்கு டிகிரி.
கம்பளிக் கோட்டுக்குள் வெந்துகொண்டு நிற்கிறேன்.
பதினொரு நாளைக்கு எங்கள் ஊருக்கு வேறு பெயர்,
தபால் நிலையக் கம்பத்தில் பக்கத்து நாட்டுக் கொடி.
மலைகளைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.
கேமராவைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்கள்.

என் வேலை இது:
மூன்று பரிசுப் பெட்டிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு
ரொட்டிக் கடையிலிருந்து தேவாலயம் வரை நடப்பது.
பெட்டிக்குள் ஒன்றுமில்லை.
"கொஞ்சம் கனம் காட்டுங்கள், மார்லிஸ்"
என்கிறான் உதவி இயக்குநர். என் மகன் வயது.
காட்டினேன்.
ஆலை மூடி ஆறு வருடம்.
வெறுமையைச் சுமக்க எனக்குப் பாடம் வேண்டுமா?

கதை தெரிந்ததுதான்.
பெருநகரத்தில் பெரிய வேலை பார்ப்பவள் வந்து இறங்குவாள்.
செருப்பின் குதிகால் சேற்றில் புதையும்.
இங்கே விறகு பிளக்கும் ஒருவன், மனைவியை இழந்தவன்.
என்ன நோயென்று யாரும் கேட்பதில்லை,
ஆஸ்பத்திரி பில்லும் கதைக்குள் வராது.
இருபதாவது நிமிடம் அவள் மூக்கில் மாவு ஒட்டும்.
எண்பதாவது நிமிடம் அவள் வேலையை விடுவாள்.
இதுவரை எந்தப் படத்திலும்
அவன் எதையும் விட்டதில்லை.

"எங்கள் படத்தில் அரசியலே கிடையாது"
என்றார் தயாரிப்பாளர், ஊர்க் கூட்டத்தில்.
"எல்லோரும் நிம்மதியாகப் பார்க்கலாம்."
மறுநாள்
ஜக்தாரின் பெட்ரோல் பங்கில்
குர்முகி எழுத்துகளின் மேல் பலகை அடித்தார்கள்,
பலகையின் மேல் ஒரு மலர்வளையம்.
ஆற்றங்கரையில் லியோனா சால்மன் உலர்த்தும் பரணை
வெள்ளைத் துணியால் மூடினார்கள்.
தூரத்திலிருந்து பார்த்தால்
அதுவும் பனிதான்.

தொழிற்சங்கக் கூடம்தான் படத்தில் விடுதி.
வேலைநிறுத்தப் புகைப்படங்களைப் பத்திரமாகக் கழற்றி
செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள், குறை சொல்ல முடியாது.
ஆணிகள் மட்டும் அப்படியே.
என் கணவர் ஆர்லோ பதாகையோடு நின்ற இடத்தில்
சிவப்புக் காலுறை ஒன்று தொங்குகிறது.

வில்லன் விடுதியை இடிக்க வருவான்.
ஊர் கூடி ஒரே ராத்திரி இஞ்சி பிஸ்கட் விற்றுக்
காப்பாற்றிவிடும்.
நாங்களும் விற்றோமே, ஆலை வாசலில்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு டாலர்.
எண்ணி முடிக்கும்போது
இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஊதுகுழல் இயந்திரம் உறுமுகிறது. பனி.
கோட்டின் கையில் விழுந்ததை விரலால் தேய்த்துப் பார்க்கிறேன்.
பத்தொன்பது வருடம் கூழ் பிரிவில் நின்ற விரல்,
அதை ஏமாற்ற முடியாது.
காகிதம்.
எந்த ஊர் ஆலையோ.
தரம் சுமார்தான்.

ஒன்றை ஒளிக்கக் கூடாது.
டிசம்பரில் இந்தப் படங்களை நான் பார்ப்பேன்,
விடாமல், ஒன்றன்பின் ஒன்றாக.
ஆர்லோ வடக்கே எண்ணெய் வயலில்,
மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே.
மரத்தில் விளக்கு எரியும் காட்சி வந்தால் அழுதுவிடுவேன்.
காதலுக்காக இல்லை.
எல்லோரும் ஊரிலேயே இருக்கிறார்கள், அதற்காக.
பிறகு முகம் கழுவும்போதுதான்
அந்த "எல்லோரும்" யார் யார் என்று
எண்ணத் தோன்றும்.

கடைசிக் காட்சி. முத்தம்.
ஊரே கைதட்ட வேண்டும், ஓசை கூடாது.
உள்ளங்கைகள் தொடுவதற்கு ஒரு நூலிடை முன்னால்
நிறுத்திவிட வேண்டும்.
சத்தத்தை அவர்கள் பிறகு சேர்த்துக்கொள்வார்கள்.
நாற்பது பேர், சிரித்த முகம்,
காற்றைத் தட்டிக்கொண்டு.

பின்வரிசையில் யாரோ ஒருமுறை
நிஜமாகவே தட்டிவிட்டார்கள்.
பட்டென்று, துப்பாக்கி வெடித்ததுபோல்.

"யார் அது?" என்றான் பையன்.
நாங்கள் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
என் கை எரிந்தது.
மறுபடி எடுத்தார்கள்.