ஆறு மணி நேரம் அசையாத தண்ணீர்

டுலூத் நகரில் காரை இன்னமும்
பின்பக்கமாகத்தான் நிறுத்துகிறேன்,
மூக்கு சாலையைப் பார்க்கும்படி.
தயிரும் ரொட்டியும் வாங்க வந்தவளைத்
துரத்திப் பிடிக்க இங்கே யாருமில்லை.

எட்டு வருடம் டீசல் லாரி.
முதுகுக்குப் பின்னால் ஒன்பதாயிரத்து ஐந்நூறு லிட்டர்,
முன்னால் போகிற வண்டியின் புழுதி,
நடுவில் நூறு மீட்டர் வெறும் வெயில்.
ஒரு குவளை சிந்தினாலும் எழுதித் தர வேண்டும்.
நான் எழுதித் தந்தவை மூன்று.
எழுதாதது ஒன்று.
அதை இங்கேயும் எழுதப்போவதில்லை.

பிறகு கல்லூரி.
இருபத்தேழு வயதில் முதலாண்டு வேதியியல்.
கடைசி வரிசையில் கதவு தெரிகிற நாற்காலி.
ஒருநாள் பேராசிரியர் வர ஏழு நிமிடத் தாமதம்.
பிள்ளைகள் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க
நான் தலைகளை எண்ணத் தொடங்கினேன்.
முப்பத்தொன்று.
வர வேண்டியது ஒன்று.
இன்னொரு முறை எண்ணினேன்.
வந்தார்.
காபிக் கடையில் வரிசை நீளமாம்.

பட்டமளிப்பு நாளில் ஏரிக்காற்று
தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது.
பின்னால் ஓடவில்லை நான்.
படைவிடுப்புக் காகிதமும் பட்டமும்
சமையலறையில் ஒரே இழுப்பறையில் இருக்கின்றன,
பீட்சா கடைத் துண்டறிக்கைக்கு அடியில்.
ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளட்டும்,
அவற்றுக்குப் பேச நிறைய இருக்கும்.

நகராட்சி நீர்ப் பரிசோதனைப் பிரிவு,
முதல் நாள்.
மார்பில் குத்திய அட்டையில் 'பிரிட்டா' என்றிருந்தது.
எட்டு வருடம் நான் வெறும் கெட்டுனென்.
யாரோ பிரிட்டா என்று கூப்பிட,
அந்தப் பெண் திரும்பட்டும் என்று காத்திருந்தேன்.
"பசிக்கும்போது போய்ச் சாப்பிடு" என்றாள் மேலாளர் டெனீஸ்.
எப்போது பசிக்கும் என்று தெரியாமல்
இரண்டரை மணிவரை நின்றேன்.

மூன்றாம் வாரம் காரிஸா டெஃபோவின் வீடு.
இடுப்பில் குழந்தை,
கையில் கழுவாத பால்புட்டி.
நிலவறைக்கு இறங்கி,
தெருவிலிருந்து சுவரைத் துளைத்து வரும் குழாயை
என் அபார்ட்மெண்ட் சாவியால் சுரண்டினேன்.
அழுக்கு உதிர்ந்த இடத்தில்
புது நாணயம்போல் பளபளத்தது.
ஈயம்.
அவ்வளவு அழகாக இருக்கக்கூடாது அது.

"இதில் பால்மாவு கரைக்கலாமா?"
"வேண்டாம்" என்றேன் ஒரே மூச்சில்,
ரேடியோவில் சொல்வதுபோல்.
குழந்தை அழுதது.
குரலைக் கொஞ்சம் கீழே இறக்கி
மறுபடி சொன்னேன்:
"வடிகட்டி தருகிறோம்.
எவ்வளவு ஈயம் என்று பத்து நாளில் தெரியும்.
இன்றிரவு படுத்த பிறகு குழாயைத் திறக்காதீர்கள்.
ஆறு மணி நேரம் தண்ணீர் அசையாமல் கிடக்கட்டும்.
காலையில் முதலில் வருவதைத்தான் பிடிக்க வேண்டும்."
"ஏன் முதல் தண்ணீர்?"
"ஓடும்போது எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான்.
நின்ற பிறகுதான்
எந்தக் குழாயில் நின்றது என்று சொல்லும்."
பாடப்புத்தகத்தில் படித்ததுதான்.
படியேறி மேலே வரும்போது
முழங்கால் ஏனோ நடுங்கியது.

என் கட்டடமும் நூறு வயதுக் கிழம்.
அன்றிரவு பதினொன்றுக்குக் குழாயை மூடினேன்.
வழக்கம்போல் நாலரைக்கு விழிப்பு.
ஆறு மணி நேரமாக இன்னும் அரை மணி.
இருட்டில் சமையல்மேடை ஓரம் உட்கார்ந்தேன்.
இரும்புத்தாது ஏற்ற வந்த கப்பல்
பாலத்தைத் தூக்கச் சொல்லிக் குரல் கொடுத்தது;
பாலம் பதில் சொன்னது.
எனக்கு எந்த உத்தரவும் இல்லை.
அந்த அரை மணி நேரத்தை
யாரும் எனக்கு ஒதுக்கித் தரவில்லை.

ஐந்து மணி.
ஒரு லிட்டர், கழுத்துவரை.
சீட்டில் இரண்டு கட்டங்கள்.
'சேகரித்தவர்': பழக்கத்தில் கெட்டுனென் என்று எழுதினேன்.
'இங்கே குடியிருப்பவர்':
பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.
எழுதினேன்.

நல்ல தாகம்.
பத்து நாள் பொறுக்க வேண்டும்.
காருக்குப் போனேன்,
பின்னிருக்கையில் கடைத் தண்ணீர் பாட்டில் ஒன்று கிடந்தது.