லியெல்வார்தே, காலை ஆறு ஐம்பத்திரண்டு

கடைசி வண்டியின் மூக்கில்
ஓக் இலை வளையம் கட்டியிருந்தார்கள்.
ரீகாவிலிருந்து ஐஸ்க்ராவ்க்லே வரை
நிலையத்துக்கு நிலையம் கேமராக்கள்.
ஒருவர் பெட்டியின் தகரத்தைத் தடவிக்கொடுத்தார்,
குதிரையை விற்கிறவர்போல.
"இந்த ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியே
பொறியியல் முடித்தேன்" என்றார் இன்னொருவர்.

நான் டிக்கெட் பரிசோதகி.
இருபத்தொரு வருடம்
இந்த வண்டிக்குள்ளேயே நடந்தவள்.
எனக்கும் தொண்டை அடைத்தது, பொய் சொல்வானேன்.
இருக்கைக்கு அடியில் ஹீட்டர்
கெண்டைக்காலைச் சுடும்,
முழங்காலுக்கு மேலே குளிர் அப்படியே இருக்கும்.
செப்டம்பரில் காளான் வாளிகளைத் தாண்டித் தாண்டித்தான்
டிக்கெட் கிழிக்க வேண்டும்.
எந்த ஜன்னல் திறக்கும்,
எது திறப்பதுபோல் நடிக்கும்,
எல்லாம் அத்துப்படி.
இரண்டு பெட்டிகளுக்கு நடுவே, அந்தத் தடதடப்பில் நின்றுதான்
என் விவாகரத்தை முடிவு செய்தேன்.
ஒருவருக்கும் கேட்காமல் கத்துவதற்கு
ஊரில் வேறு இடம் இல்லை.

அன்றிரவு பணிமனையில்
கோட்டு மாட்டும் கொக்கி ஒன்றைத் திருடினேன்.
கையில் இருந்தது வீட்டுச் சாவி மட்டும்.
கடைசித் திருகாணி சாவியின் பல்லை உடைத்துக்கொண்டு வந்தது.
நள்ளிரவில் பக்கத்து வீட்டு எர்வின்ஸ்
பால்கனி வழியாக ஏறிக் கதவைத் திறந்துவிட்டார்.
காரணம் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

மறுநாள் புது வண்டி.
பல் மருத்துவர் அறை மாதிரி வெளிச்சம்.
நான் வாயைத் திறக்குமுன்
நிலையத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறது
ஜலதோஷமே பிடிக்காத ஒரு குரல்.

லியெல்வார்தே.
நடைமேடையில் லைம்தோத்தா.
எட்டு வருடமாய் இதே நேரம், இதே சக்கர நாற்காலி.
எட்டு வருடமாய் நான் உள்ளே திரும்பி
"வலுவான கை நாலு!" என்று குரல் கொடுப்பேன்.
வருவார்கள். ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.
மரவாடி ஆட்கள், ராணுவப் பையன்கள்,
ஒருமுறை ஒரு பாதிரியாரும்
நேற்றைய சாராயம் மணக்கும் ஒருவனும் ஜோடியாக.
படிகள் செங்குத்து.
ஒன்று, இரண்டு, தூக்கு.
"மன்னிக்கணும்" என்பாள் அவள்,
காற்றில் தொங்கிக்கொண்டே,
ஒவ்வொரு காலையும்.
எங்கள் ஜனங்களின் மனசைப் பாருங்கள் என்று
இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் இல்லை.
அவள் இதை எப்படிச் சொல்வாள் என்று
யோசித்ததும் இல்லை.

இறங்கினேன், கையை நீட்டியபடி.
அவள் பொத்தானை அழுத்தினாள்.
கதவு விலகியது. அடியிலிருந்து ஒரு தட்டு
நாக்குபோல நீண்டு மேடையைத் தொட்டது.
ஏறினாள்.
அவ்வளவுதான்.
நீட்டிய கைக்கு வேலை இல்லாமல்
தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

பழைய வண்டியில் அவளுக்கு
வாசல் பக்கத்து இடம், சைக்கிள்களோடு.
அங்கே கதவுக் கண்ணாடி
நிற்கிறவர்களுக்கான உயரத்தில் இருந்தது.

கெகும்ஸ் நெருங்கும்போது கூப்பிட்டாள்.
ஏதோ குறை என்று ஓடினேன்.
"இந்த ஆறு," என்றாள்,
நெற்றி கண்ணாடியில் ஒட்டியிருக்க,
"எப்பவும் இவ்வளவு பக்கத்திலா இருந்துச்சு?"

ஆமாம் என்றேன்.

"எட்டு வருஷமும்?"

மே மாத வெயில் தௌகவாவின் மேல்
சாய்வாக விழுந்துகொண்டிருந்தது.
படகில் ஒருவன் எழுந்து நின்று
தூண்டிலை மறந்து எங்களைப் பார்த்தான்.
பையில் கொக்கி தொடையைக் குத்தியது.
பின்னால் யாரோ, ஜன்னல் ஒன்றுகூடத் திறக்கவில்லையே,
இதெல்லாம் ஒரு வண்டியா என்று சத்தம் போட்டார்.
இதோ வருகிறேன் என்றேன்.
போகவில்லை.
ஆறு இன்னும் முடியவில்லை.