ஒரு பேருக்குப் பதினொரு செக்கன்

பொகவந்தலாவைக்கு மேலே
பஸ் திரும்ப இடமில்லாத தோட்டத்தில்
சம்பளக் கணக்குப் போடும் கம்பியூட்டர்
படுத்துவிட்டது என்று போன் வந்தது.

போய்ப் பார்த்தால் படுக்கவில்லை.
நடக்கிறது,
சீக்குக்கோழி மாதிரி.

செக்ரோலில் நானூற்றிப் பன்னிரண்டு பேர்.
ஒவ்வொரு பேரிலும் நின்று
எதையோ நினைத்து
அடுத்த பேருக்கு நகர்கிறது.
"ஜன்மச் சோம்பேறி" என்றார்
பெரிய கிளாக்கர் அந்தோனிமுத்து.
"புது மெமரி போடு, இல்லாவிட்டால் தூக்கிப் போடு."

கிலோ குறைந்தால் மனிதருக்கு அரைப் பேர்.
இந்தப் பெட்டிக்கு இதுவரை
அரைப் பேர் போட்டவர் யாருமில்லை.

பென் டிரைவைச் செருகிப் பதிவை ஓடவிட்டேன்.
"மிஸ், நான் இங்கே இல்லை.
தினமும் செய்வதையே செய்யுங்கள்,
மூன்று நிமிஷம்."
பதிகிற வேலையும் கொஞ்சம் தாமதம் சேர்க்கும்,
காய்ச்சல் பார்க்கிற கை குளிர்ந்திருந்தால்
உடம்பு ஒருமுறை சிலிர்ப்பதுபோல.
அதைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

யோகமலர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
பிரட்டுக்களத்துத் தகரத்தில் மழை.
யூபிஎஸ் நடுவில் ஒருமுறை விக்கியது.
சிவபாக்கியம், முழுப் பேர்.
நின்றது.
ஞானசௌந்தரி, அரைப் பேர்.
நின்றது.
அருளாயி.

மூன்று நிமிஷத்துக்கு இரண்டு ஜிகாபைட்.
யார் யாரைக் கூப்பிட்டது,
யார் யாருக்காக நின்றது,
எந்தக் கோப்பு எந்த நொடியில் திறந்தது, எல்லாம்.
கொழுந்து நிறுக்க இத்தனை நேர்மையாக
எவரும் தராசு பிடித்ததில்லை.

என் லெப்டொப்பில் விரித்தேன்.
மூளைக்கு நூற்றுக்கு நாலு பங்கு வேலைகூட இல்லை.
டிஸ்க் சும்மா.
எல்லாம் சும்மா கிடக்க
ஒரே ஓர் இழை மட்டும்
ஒரு பதிலுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
பேருக்குப் பேர் அது
கீழ்ப்பிரிவு ஆபிஸைக் கூப்பிடுகிறது,
இந்த ஆளுக்கு அங்கே நிறுவை ஏதும் உண்டா என்று.
பதினொரு செக்கன் காது கொடுத்துவிட்டு
சைபர் போட்டுக்கொண்டு திரும்புகிறது.

"கீழ்ப்பிரிவா?
அதை மூடி நாலு வருஷம்.
கதவு நிலையைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
மானாப் புல்லுக்குள் சிறுத்தை குட்டி போட்டிருக்கு."

நானூற்றிப் பன்னிரண்டைப் பதினொன்றால் பெருக்கினேன்.
மாசா மாசம் ஒன்றேகால் மணி நேரம்
சிறுத்தையிடம் கணக்குக் கேட்டிருக்கிறது.

சிரிப்பு அடங்கியபின்
இன்னொன்று கண்ணில் பட்டது.
நாற்பத்தோராம் செக்கனில் ஒரு கோப்பு சேமிக்கப்படுகிறது.
ஐம்பத்திரண்டில் மறுபடி.
அறுபத்து மூன்றில் மறுபடி.
சிவபாக்கியத்துக்கும் ஞானசௌந்தரிக்கும் நடுவில் ஒரு வரி,
ஞானசௌந்தரிக்கும் அருளாயிக்கும் நடுவில் ஒரு வரி,
அல்லது பாதி வரி, அல்லது
எழுதி அழித்தது.
பதிவு எழுத்தைப் பிடிக்காது.
பெயரைப் பிடிக்கும்:
ராஜினாமா ஏழு.

"எல்லாமே பதிஞ்சிருக்குமா?"
யோகமலர் திரையைப் பார்க்காமல் கேட்டாள்.
"வேலைக்கு வேண்டியது மட்டும்" என்றேன்.
பில்லில் பொய்க்குத் தனி வரி இல்லை.

கீழ்ப்பிரிவை அழித்தேன். ஒரே வரி.
நாலு நிமிஷத்தில் செக்ரோல் ஓடி முடிந்தது,
பிரின்டர்தான் திணறியது.
அந்தோனிமுத்து கை தட்டினார்:
"இனி ஸ்டோர் புத்தகத்தையும் மிஸ்ஸே பார்க்கலாம்!"

பதிவை அழித்தேன்,
குப்பைக் கூடையிலிருந்தும்.

வாசல்வரை வந்தாள்,
குடை தரத்தான் என்று நினைத்தேன்.
"அந்த வரிய முழுசா எடுத்துட்டீங்களா?
ஒரு பேருக்கு ரெண்டு செக்கன்...
ரெண்டே ரெண்டு,
திரும்ப வைக்க ஏலாதா?"

கீழே பஸ் ஹாரன் அடித்தது.
பென் டிரைவ்
இன்னும் என் கையில்தான் இருந்தது.